கெட்டில் வாங்கும் முன் சாயாக்கடையைப் பாருங்கள்

தண்ணீர், தேயிலை, பால் மூன்றையும் தனித்தனியே வைத்திருக்கும் கடைக்காரரின் வழக்கத்திலேயே, நல்ல கெட்டிலைத் தேர்ந்தெடுக்கும் சூட்சுமம் அடங்கியிருக்கிறது.

நாகர்கோவிலிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ, கூட்டம் நிற்கும் ஒரு சாயாக்கடை முன்னால் பத்து நிமிடம் நின்று, சாயா அடிப்பவரின் கைகளை மட்டும் கவனியுங்கள். ஒரு பக்கம் பாய்லர். அதற்குள் வெறும் தண்ணீர். நடுவில் ஒரு குவளை. அதன் வாயில் தேயிலைத் தூள் நிறைந்த துணி வடிகட்டி. மறுபக்கம் சிறு தீயில் பால் சட்டி. பாய்லரின் குழாயைத் திருகிக் கொதிநீரை வடிகட்டியில் பிடிக்கிறார். இறங்கிய சாயத்தைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றுகிறார். பால் சாயா கேட்டவருக்குப் பாலும் சீனியும் சேர்த்து ஆற்றுகிறார். கட்டன் கேட்டவருக்குக் கொதிநீரையே கூட்டி நீட்டுகிறார். தண்ணீரும் தேயிலையும் பாலும் சந்திக்கிற இடம் கிளாஸ்தான். காலை நாலு மணிக்குத் திறந்த கடை இரவு அடைக்கும்வரை, பாய்லருக்குள் ஒரு சொட்டுப் பாலோ ஒரு கரண்டிச் சீனியோ போவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தொழில் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு இது.

அதே சாயா நம் அடுக்களைக்கு வரும்போது இந்த ஒழுங்கு கலைந்துவிடுகிறது. கடையில் பளபளவென்று இருந்தது, தள்ளுபடியில் கிடைத்தது, கல்யாணத்துக்கு யாரோ பரிசாகக் கொடுத்தது என்று ஒரு மின் கெட்டில் வீட்டுக்குள் வருகிறது. முதல் வாரம் தண்ணீர் கொதிக்கிறது. இரண்டாம் வாரம் அதிலேயே பாலை ஊற்றுகிறார்கள். மூன்றாம் மாதம் அடித்தட்டு கறுத்து, வாடை பிடித்து, அது பரணுக்குப் போகிறது. ‘கெட்டில் எல்லாம் நமக்குச் சரிப்படாது’ என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. பழி கெட்டிலின் மேல் விழுகிறது. பிழையோ தேர்விலும் பயன்பாட்டிலும் இருக்கிறது. கெட்டில் என்பது தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரம். வீட்டுக்குள் வந்த சிறு பாய்லர் அது. இதை ஒப்புக்கொண்டுவிட்டால், மின்சாரமா அடுப்பா, எத்தனை லிட்டர், என்ன உலோகம், எந்த பிளக் என்ற கேள்விகளுக்கு விடை வரிசையாக வந்து நிற்கும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான்.

நாஞ்சில் நாட்டுக்கும் அதன் மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளுக்கும் இது குறிப்பாகப் பொருந்தும். முதலில் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் 1956 நவம்பர் 1 வரை இருந்த மண் இது. தமிழகத்தின் மற்ற இடங்களில் ‘டீ’ என்பது இங்கே சாயா. பால் சேராத கட்டன் இங்கே பத்தியத்துக்கான பானமும் அல்ல, ஏழைமையின் அடையாளமும் அல்ல, அன்றாடம். விடியும் முன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் குடித்துவிட்டுப் போவது கட்டன். மழைக்காலச் சளிக்குச் சுக்குக்காப்பி. பனையேறிகள் இறக்கும் அக்கானியிலிருந்து காய்ச்சிய கருப்பட்டியைத் தட்டிப் போட்டால் கருப்பட்டிக் காப்பி. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு, இங்குள்ள மலைத்தோட்டங்களில் விளைவது. அதில் ஒன்றிரண்டைத் தட்டிப் போட்டால் கட்டனுக்கு வேறொரு மணம். இத்தனை பானங்களுக்கும் முதல் படி ஒன்றே: கொதிக்கும் தண்ணீர். பாலை மையமாகக் கொண்ட வீட்டைவிட, தண்ணீரிலிருந்து தொடங்கும் இந்த வீடுகளுக்குக் கெட்டில் அதிகமாக உதவும்.

காசு, விசில், ஸ்விட்ச்

பழைய சாயாக்கடைப் பாய்லருக்குச் சமோவார் என்று பெயர். ரஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்குத் ‘தானே கொதிப்பது’ என்று பொருள். நடுவில் கரி எரியும் குழல், அதைச் சுற்றித் தண்ணீர், கீழே ஒரு குழாய் என்று அமைந்த செம்பு, பித்தளைப் பாத்திரம். அதன் அடியில் ஒரு காசைப் போட்டு வைக்கும் வழக்கம் உண்டு. தண்ணீர் கொதி வந்ததும் அடியிலிருந்து எழும் குமிழிகள் காசைத் தூக்கித் தூக்கிப் போட, அது கிலுகிலுவென்று ஒலிக்கும். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை, காது போதும். கொதிக்கும் தண்ணீர் தன் நிலையைத் தானே சொல்ல வேண்டும் என்ற இந்த எண்ணத்திலிருந்துதான் ஒரு கெட்டிலின் தரத்தை அளக்கத் தொடங்க வேண்டும்.

அடுப்புக் கெட்டிலில் காசின் வேலையை விசில் செய்கிறது. மூக்கின் முனையில் சிறு இடைவெளிவிட்டு இரண்டு தகடுகள், இரண்டிலும் நேருக்கு நேர் ஒரு துளை. முதல் துளையில் பீறிட்டு வரும் நீராவி இரண்டாவதைக் கடக்கும்போது சுழிக்கிறது. அந்தச் சுழிப்பே ஒலியாகிறது. 2013-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஹென்றிவுட்டும் அனுராக் அகர்வாலும் இதை ஆராய்ந்து வெளியிடும்வரை, இந்த எளிய ஓசைக்கு முழு விளக்கம் கிடையாது. மின் கெட்டிலிலோ காசின் வேலையைச் செய்வது இரட்டை உலோகத் தகடு. சூடானால் வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு வில்லை அது. தண்ணீர் கொதித்ததும் நீராவி கைப்பிடிப் பக்கமுள்ள துளை வழியே இறங்கி அந்த வில்லையைச் சுடுகிறது. அது ‘டக்’கென்று மறுபக்கம் வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கிறது. பிரிட்டனின் ரஸ்ஸல் ஹாப்ஸ் நிறுவனம் 1955-ல் கொண்டுவந்த தானியங்கிக் கெட்டிலில் தொடங்கி இன்றுவரை அடிப்படை இதுவே. மூடி சரியாக மூடாவிட்டால் நீராவி மேலே போய்விடும், வில்லை சுடாது, கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆகவே கடையில் முதலில் சோதிக்க வேண்டியது மூடி. அது அழுந்தி, ஓசையோடு பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். தண்ணீரே இல்லாமல் போட்டுவிட்டால் நிறுத்துவதற்கு அடியில் இன்னொரு வில்லை இருக்க வேண்டும். அது இல்லாத கெட்டில் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பால் ஏன் கூடாது என்பதற்கும் விடை இந்த வில்லையிடமே இருக்கிறது. தண்ணீரின் ஆவி தடையின்றி மேலே வரும். பாலின் புரதமும் கொழுப்பும் ஆவியை நுரைக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆவி வில்லையை எட்டுவதற்கு முன்பே நுரை பொங்கி மூக்கு வழியாக வழிந்து, கீழே மின்தட்டின் தொடுமுனைக்குள் இறங்கலாம். அடுப்பில் பொங்கினால் அடுப்பைத் துடைத்தால் போயிற்று. இங்கே பொங்கினால் மின்சாரத்தில் பொங்குகிறது. அடித்தட்டில் படிந்த பாலாடை கருகி, அடுத்த முறை வைக்கும் தண்ணீருக்கெல்லாம் தீய்ந்த வாடை ஏற்றும். கருப்பட்டியும் சீனியும் அப்படியே. சூடான தட்டில் பாகாகி ஒட்டும். சுக்குக்காப்பி வேண்டுமா? கொதிநீரைக் கெட்டிலில் எடுத்து, சுக்கும் கருப்பட்டியும் போட்ட சட்டியில் ஊற்றி, இரண்டு நிமிடம் அடுப்பில் வைத்து இறக்குங்கள். தண்ணீர் கொதிக்கும் நேரம் மிச்சம், கெட்டிலும் சுத்தம்.

சல்லிக் கணக்கு

மின்சாரத்தில் தண்ணீர் காய்ச்சினால் பில் எகிறும் என்ற பயம் பலருக்கு உண்டு. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நம்மூர்க் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று கொண்டால், ஒரு லிட்டரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 300 கிலோஜூல் வெப்பம் தேவை. மின் கெட்டிலில் வெப்பம் தண்ணீருக்குள்ளேயே பாய்வதால் வீணாவது குறைவு. 15 சதவீதம் போனாலும் செலவு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. யூனிட் 5 ரூபாய் என்றால் 50 காசு. கேஸ் அடுப்பின் வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். அந்த அளவு அகலமான பாத்திரத்தில் கிடைப்பது. அடி குறுகிய பாத்திரத்தில் தீ பக்கவாட்டில் வழிந்து 50 சதவீதம் வரைகூட இறங்கலாம். அப்படியானால் லிட்டருக்கு 10 முதல் 13 கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் 60 முதல் 85 காசு. ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் காய்ச்சும் வீட்டில் மாதம் 9 யூனிட் மின்சாரம், அல்லது ஏறக்குறைய ஒரு கிலோ கேஸ். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டு வீட்டில் 18 யூனிட் பெரிய சுமை அல்ல. மின்சாரம் சற்று மலிவு, கேஸ் சற்றுக் கூடுதல், வித்தியாசம் காசுகளில். பணத்தை மட்டும் பார்த்து ஒன்றைத் தள்ளவோ கொள்ளவோ காரணம் இல்லை.

காசு உண்மையில் கரைவது வேறு இடத்தில். இரண்டு கிளாஸ் கட்டனுக்கு 300 மில்லி தண்ணீர் போதும். 1500 வாட் கெட்டிலில் அது ஒன்றேகால் நிமிட வேலை. ஆனால் கெட்டிலின் உட்புறம் குறித்திருக்கும் குறைந்தபட்சக் கோடு அரை லிட்டரில் இருந்தால், ஒவ்வொரு தடவையும் 200 மில்லியை வீணாகக் கொதிக்க வைத்துக் கீழே கொட்டுகிறோம். எல்லோரும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்ட 1.8 லிட்டரைப் பார்க்கிறார்கள்; பார்க்க வேண்டியதோ உள்ளே சிறிதாகப் பொறித்த ‘மின்’ கோடு. நாலு பேர் வீட்டுக்கு 1 முதல் 1.5 லிட்டர் கொள்ளளவும், 300 மில்லியை ஒட்டிய குறைந்தபட்சக் கோடும் உள்ளதே பொருத்தம். சூட்டுக் கம்பி உள்ளே சுருளாகத் தெரியாமல் தட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் வகையில் இந்தக் கோடு தாழ்வாக இருக்க வழியுண்டு, கழுவுவதும் எளிது.

சுவரில் இருக்கும் பதில்

கெட்டிலைத் தேர்ந்தெடுக்கும் முன் அதை மாட்டப்போகும் சுவரைப் பாருங்கள். 1500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 6.5 ஆம்பியர். நம் வீடுகளில் செல்போன் சார்ஜரும் மிக்ஸியும் மாட்டும் சாதாரண பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. கணக்கு அங்கேயே உதைக்கிறது. 2000 வாட்டுக்கு மேலான கெட்டில் ஒன்பது ஆம்பியர் இழுக்கும். ஆகவே எந்தக் கெட்டிலானாலும், ஃபிரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் பயன்படுவது போன்ற 16 ஆம்பியர் பாயிண்டில்தான் மாட்ட வேண்டும். பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்டில் நுழைக்க விற்கும் மாற்றுப் பிளக்கும், மேசைவரை இழுத்த நீட்டிப்பு ஒயரும் கெட்டிலுக்கு ஆகாது. சூடேறி உருகுவது பெரும்பாலும் இவைதான். ஓட்டு வீட்டுக் காலத்து ஒயரிங்கில் எர்த் இணைப்பே இல்லாமலும் இருக்கும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே பாத்திரத்தில் சந்திக்கிற கருவிக்கு எர்த் இல்லாத பாயிண்ட் ஆபத்து. அப்படிப்பட்ட வீட்டில் ஆயிரம் ரூபாய்க் கெட்டிலுக்கு முன் எலக்ட்ரீஷியனுக்குச் செலவிடுவதே அறிவுடைமை. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியையும் அப்போதே பொருத்திவிடலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் வேண்டும், வீட்டு மின் கெட்டில்களுக்கு ஐ.எஸ். 367 என்று தனித் தரநிர்ணயமே இருக்கிறது.

மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் கெட்டில் கெட்டுவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை. 200 வோல்ட்டில் 1500 வாட் கெட்டில் 1130 வாட்டாகத் தணியும். நாலு நிமிட வேலைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவே. ஆனால் இன்வெர்ட்டரை நம்பிக் கெட்டில் வாங்கக் கூடாது. ஃபேனும் லைட்டும் ஓட வைத்த சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் 1500 வாட்டைத் தாங்காது.

உலோகமும் மூக்கும்

உள்ளே தண்ணீர் தொடும் இடமெல்லாம் எவர்சில்வராக இருக்க வேண்டும். அதிலும் 304 என்ற ரகம்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் சேர்ந்தது; துருவை நன்றாகத் தாங்கும். விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். காந்தத்தை வைத்துப் பார்த்து ‘ஒட்டவில்லை, ஒரிஜினல்’ என்று சொல்வது பரவலான வழக்கம். அது சரியான சோதனை அல்ல. 304-லும் காந்தம் ஒட்டாது, 202-லும் ஒட்டாது. ரகம் எதுவென்று பாத்திரத்தில் பொறித்திருக்க வேண்டும், பில்லில் எழுதித் தர வேண்டும். சாயாக்கடைகளில் புழங்கும் அலுமினியக் கெண்டியைப் பற்றிய பயம் வெறும் தண்ணீரைப் பொறுத்தவரை மிகையானது. அலுமினியத்தைத் தன் இலையில் சேர்த்து வைக்கும் செடி தேயிலையே. ஆனால் எலுமிச்சைச் சாறு, புளிப்பு, உப்பு பட்டால் அலுமினியம் கரையத் தொடங்கும், நசுங்கவும் செய்யும். எவர்சில்வர் கைக்கு எட்டும் விலையில் இருக்கும்போது அதை நாட வேண்டியதில்லை. பித்தளையும் செம்பும் அழகுதான். உட்புறம் வெள்ளீயம் பூசிய நிலையில் மட்டுமே பாதுகாப்பு. பிளாஸ்டிக் உடல் கெட்டில் எடை குறைவு, விலை குறைவு. ஆனால் 2020-ல் டப்ளினின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பாலிபுரொப்பிலீன் குழந்தைப் பால்புட்டிகளைச் சோதித்தபோது, சூடான நீர் பட்ட புட்டி ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் நுண்துகள்கள் வரை உதிர்த்ததைக் கண்டார்கள். உடலில் அவை என்ன செய்யும் என்ற ஆய்வு தொடர்கிறது. எவர்சில்வர் இருக்க, தினமும் கொதிநீரைப் பிளாஸ்டிக்கில் வைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

அடுத்து மூக்கு. இதற்கு நம் முன்னோர் நல்ல பாடம் ஒன்றை விட்டுப்போயிருக்கிறார்கள்: கிண்டி. பழைய தறவாட்டு வீடுகளின் திண்ணையில் கால் கழுவத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்த பித்தளைப் பாத்திரம். பூஜையிலும் விருந்திலும் இன்றும் புழங்குகிறது. பருத்த வயிறு, ஒடுங்கிய கழுத்து, வயிற்றிலிருந்து மேல்நோக்கிப் போகப்போக மெலியும் மூக்கு. சற்றே சாய்த்தால் விரல் தடிமனில் ஒரு தாரை. நிமிர்த்தினால் உடனே நிற்கும். ஒரு சொட்டு மூக்கின் அடிவழியாக ஊர்ந்து வயிற்றில் வழியாது. மெதுவாக ஊற்றும்போது திரவம் மூக்கின் அடியை ஒட்டி வழிவதை இயற்பியலில் தேநீர்க் கெண்டி விளைவு என்கிறார்கள். 1956-ல் மார்க்கஸ் ரைனர் வைத்த பெயர் அது. உதடு தடித்து உருண்டிருந்தால் வழியும். மெலிந்து கூராக முடிந்தால் வழியாது. கிண்டி வார்த்த கம்மாளர் இதைக் கையால் அறிந்திருந்தார். இன்று விற்கும் மின் கெட்டில்களில் பல, மூக்குக்குப் பதில் ஜக்கைப் போல ஒரு அகன்ற வாய்மடிப்போடு வருகின்றன. குறுகிய கிளாஸில் ஊற்றும்போது கொதிநீர் பரந்து விழுகிறது, விரலில் தெறிக்கிறது. கடையில் தண்ணீர் ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு கிளாஸில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். தாரை அறுந்தபின் அடியில் ஈரம் ஊர்ந்தால் அந்தக் கெட்டில் வேண்டாம். நிறைய நீரோடு தூக்கும்போது மணிக்கட்டு நோகிறதா, கைப்பிடிக்கும் உடலுக்கும் நடுவே நாலு விரல் தாராளமாக நுழைகிறதா என்றும் பார்க்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வெளிப்புறம் சுடாத இரட்டைச் சுவர் உள்ளது நல்லது. வாய், கை உள்ளே போகும் அகலம் இருக்க வேண்டும். கழுவ முடியாத பாத்திரம் நாளடைவில் அழுக்குப் பாத்திரம்.

தண்ணீர் எந்த ஊர்த் தண்ணீர்?

மலையடிவாரத் தண்ணீர் மென்மை. நாகர்கோவிலுக்கு வரும் முக்கடல் அணை நீரும், பேச்சிப்பாறை, கோதையாறு வழி வருவதும் மழைநீருக்கு நெருங்கிய சுபாவம். கடலோரக் கிணறும் ஆழ்துளைக் குழாயும் அப்படி இல்லை. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது என்றும், வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. கடின நீரைக் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு வெள்ளைப் பொருக்காகத் தட்டில் படியும். அந்தப் பொருக்கு வெப்பத்தைத் தடுக்கும்; தண்ணீர் கொதிக்க நேரம் கூடும்; தட்டு அளவுக்கு மேல் சூடாகி வில்லையின் ஆயுள் குறையும். கட்டனின் மேல் எண்ணெய்போல் மிதக்கும் மங்கலான ஏடும் இந்தச் சுண்ணாம்பின் வேலையே; லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோ இதை ஆராய்ந்து நிறுவியிருக்கிறார். கட்டனில் எலுமிச்சை பிழிந்ததும் ஏடு விலகி நிறம் தெளிவதற்குக் காரணம் அதன் அமிலம். அதே எலுமிச்சை கெட்டிலையும் காக்கும். கடற்கரை ஊர்களில் பத்து நாளுக்கு ஒரு முறை, பாதிக் கெட்டில் தண்ணீரில் ஒரு பழத்தைப் பிழிந்து கொதிக்க வைத்து அரை மணி நேரம் விட்டுக் கழுவினால் பொருக்கு கழன்று வரும். இரும்பு நார் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

மறுப்புகளும் விடைகளும்

தேயிலை அடுப்பில் கொதித்தால்தான் சாயாவுக்குக் கடுப்பு வரும். கெட்டில் தண்ணீரை ஊற்றினால் சப்பென்று இருக்கும் என்பது முதல் மறுப்பு. நாம் வாங்குவது பெரும்பாலும் சி.டி.சி. தூள். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் சிறு மணிகளாக்கும் இந்த முறை 1930-களில் அசாமில் தொடங்கியது. சாயம் விரைவாக இறங்குவதே அதன் குணம். நன்றாகக் கொதித்த நீரை ஊற்றி மூடி மூன்று நிமிடம் வைத்தால் வேண்டிய கடுப்பு வந்துவிடும். அதற்கு மேல் அடுப்பில் வேக வைத்தால் துவர்ப்பும் கசப்பும்தான் கூடும். சாயாக்கடைக்காரர் வடிகட்டித் தூளை அடுப்பில் வேக வைப்பதில்லை; கொதிநீரைத்தான் அதில் பிடிக்கிறார். அந்தச் சாயாவைக் குடித்து யாரும் சப்பென்று சொன்னதில்லை. சப்பென்று இருப்பதற்குக் காரணம் வேறு: கெட்டில் அணையுமுன்பே பொறுமையிழந்து எடுத்து ஊற்றுவது, அல்லது முன்பே கொதித்து ஆறிய நீரை ஊற்றுவது.

பால் சாயாவே எங்கள் வீட்டு வழக்கம், எங்களுக்கு எதற்குக் கெட்டில் என்பது இரண்டாவது. பாலிலேயே தூளைப் போட்டுக் கொதிக்க வைத்துக் குடிப்பதே பிடித்தம் என்றால் கெட்டில் வேண்டாம் என்பதே நேர்மையான பதில். அதற்குச் சட்டி போதும். ஆனால் சாயமும் பாலும் தனித்தனி என்ற கடை முறையில் போட்டால், ஒரு அடுப்பில் பால், பக்கத்தில் கெட்டிலில் தண்ணீர் என்று இரண்டும் ஒரே நேரத்தில் தயாராகும். காலை அவசரத்தில் அது பெரிய உதவி.

மூன்றாவது மறுப்பு கனமானது: மின்சாரம் போனால்? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தை உலுக்கியபோது ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாகச் சுழலும் மாவட்டத்தில், அந்தக் காற்றே ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டது. அந்த அனுபவத்தை மறந்து யாரும் மின் கெட்டிலை மட்டும் நம்பச் சொல்லக் கூடாது. ஆகவே என் பரிந்துரை இரண்டும் என்பதே. அன்றாடத்துக்கு மின் கெட்டில். கூடவே அடி தட்டையான, அகன்ற, விசில் வைத்த, எவர்சில்வர் அடுப்புக் கெட்டில் ஒன்று. இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் அதன் அடி காந்தம் ஒட்டும் ரகமாக இருக்க வேண்டும். காந்தச் சோதனைக்கு உண்மையான பயன் அங்கேதான். கேஸில் வைக்கும்போது சின்ன பர்னரில், தீ அடியைத் தாண்டாமல் வைத்தால் கைப்பிடியும் கருகாது, கேஸும் மிச்சம். ஒரே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற வீட்டுக்கு அடுப்புக் கெட்டிலையே சொல்வேன். அது எந்தப் புயலிலும் வேலை செய்யும்.

அப்படியானால் மின் கெட்டிலே வேண்டாமே, சட்டியும் அடுப்பும் போதாதா என்பது கடைசிக் கேள்வி. இளையவர்களுக்குப் போதும். ஆனால் இந்த மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடாவிலும் வெளியூர்களிலும் இருக்க, தனியே வாழும் முதியவர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு மறந்துபோகிறவர்கள், குனிந்து சிலிண்டர் திருகுவதற்குச் சிரமப்படுகிறவர்கள், இரவில் மாத்திரைக்கு வெந்நீர் தேவைப்படுகிறவர்கள் அவர்கள். மறந்தாலும் தானே அணையும் ஒரு பாத்திரம் அவர்களுக்கு வசதிப்பொருள் அல்ல, காவல். மழைக்காலத்தில் மஞ்சள்காமாலையும் வயிற்றுப்போக்கும் பரவும்போது குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றவும் அது உதவும். பாலும் கருப்பட்டியும் படாமல் காத்த கெட்டிலாக இருந்தால் மட்டும்.

அம்மாவுக்கோ மாமியாருக்கோ ஒரு கெட்டில் வாங்கி அனுப்ப நினைப்பவர்கள், நிறத்தையும் வாட்டையும் தள்ளுபடியையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஐந்தே கேள்விகள் கேளுங்கள். மூடி அழுந்திப் பூட்டுகிறதா? நிறைத்த கெட்டிலை அவர்களுடைய கை தூக்குமா? குறைந்தபட்சக் கோடு இரண்டு கிளாஸுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? மூக்கு சொட்டாமல் ஊற்றுகிறதா? அடுக்களைச் சுவரில் எர்த்தோடு 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கிறதா? ஐந்துக்கும் ஆம் என்று பதில் வந்தால் வாங்குங்கள். கொடுக்கும்போது ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுங்கள்: இதில் தண்ணீர் தவிர வேறெதுவும் ஊற்ற வேண்டாம். சமோவாரின் காசு ஒலிப்பதைக் கேட்க, கடையில் எப்போதும் ஒரு காது காத்திருந்தது. தனியே இருப்பவரின் அடுக்களையில் அந்தக் காது இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் தானே அணையும் கெட்டில்தான் நல்ல கெட்டில்.